மொண்டியின் காலில் கட்டிய சீட்டு

புதிதாக நம் மேசைக்கு வந்திருக்கும் உங்கள் மூன்று பேரையும் போன வாரம் பார்த்தேன். ஒருவர் மூக்கில் துண்டைக் கட்டியிருந்தீர்கள். ஒருவர் தோலில் தடவும் பாஷாணச் சோப்பை விரல் நுனியால் தொட்டுவிட்டு நாலு தடவை கை கழுவினீர்கள். மூன்றாமவர் என்னிடம் வந்து, இத்தனை வருஷம் பறவைகளைப் பாடம் பண்ணிய அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் தப்பு. இனி படித்துத்தான் ஆகவேண்டும்.

எப்படி உரிப்பது, எப்படிப் பஞ்சு அடைப்பது, அலகை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்குத் தானாக வந்துவிடும். நான் எழுதப் போவது நான் செய்த ஒரு பிழையையும், அதன் பிறகு அதை மறைத்ததையும் பற்றி. என் பெருமையைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அந்த நூற்றாண்டு முடிந்து இந்த நூற்றாண்டு பிறந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களாவில் ஒரு துரை வந்து தங்கியிருந்தார். சர்க்கார் உத்தியோகம் பாதி, பறவைப் பைத்தியம் பாதி. அவரிடம் தோல் உரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். துரை கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு இத்தனை வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

எனக்கு மேலே ஒருவர் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ராவுத்தர். நாற்பது வயது இருக்கும். பேரை எழுத மாட்டேன். எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பாஷாணம் அரித்து அவர் விரல் கணுக்களில் எல்லாம் தோல் வெடித்துக் கிடக்கும். உரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவர் பிறந்தது அதற்காக இல்லை. அவருடைய சொத்து காது. தோப்பு வழியே நடந்துகொண்டே, இது குஞ்சுக்குக் கொடுக்கும் சத்தம், இது பாம்பைப் பார்த்துவிட்ட சத்தம், இது சும்மா வெட்டிப்பேச்சு என்று சொல்லிக்கொண்டு வருவார். நான் ஆரம்பத்தில் கேலி செய்தேன். பிறகு கேலியை விட்டேன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பட்டணத்தில் ஒரு காட்சிச்சாலையில் பறவைத் தோல்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை, தெரிந்த ஆள் இருந்தால் எழுதுங்கள் என்று துரைக்குக் கடிதம் வந்திருந்தது. துரை வாயால் ராவுத்தருக்கே என்று சொல்லியும் விட்டார். துரைமார் வந்தால் வேலை, போனால் பட்டினி என்று இருபது வருஷம் ஓட்டியவருக்கு அது என்ன செய்தி என்று நினைத்துப் பாருங்கள். அங்கே படித்தவர்கள் இருப்பார்கள், தான் கேட்டதையெல்லாம் சொன்னால் யாராவது எழுதிக்கொள்வார்கள் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். வீட்டில் இருந்த வெள்ளாட்டைக்கூட அவர் சம்சாரம் தங்கை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டது.

அந்த வருஷம் பங்குனியில் ராஜபாளையம் போகும் வழியில் ஒரு கண்மாய் சீக்கிரமே வற்றி, நடுவில் மணல் திட்டு ஒன்று வெளியே வந்தது. திட்டில் ஆலாக்கள் வந்து இறங்கின. கடற்கரையில் நீங்கள் பார்க்கும் ஆலாவுக்கு இவை பங்காளி. அதே கறுப்புத் தலை, அதே பிளந்த வால். அலகு மட்டும் நல்ல மஞ்சள். ஆண் பெண் இரண்டும் வெளியே பார்த்தால் ஒரே அச்சு. வயிற்றைத் திறந்தால்தான் எது எதென்று தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராவுத்தர் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திட்டில் ஒரு விரல் இல்லாத பறவை ஒன்று நின்றது. அதற்கு அவர் மொண்டி என்று பேர் வைத்திருந்தார். என்னைத் திட்டைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, தான் கண்மாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நீ பாரு. நான் கேக்கேன். யாருக்கு எந்திரிக்கான்னு நான் சொல்லுதேன்" என்றார்.

ஒரு பறவை வாயில் மீனோடு கத்திக்கொண்டே மொண்டியின் தலைக்கு மேலே சுற்றியது. அது கொண்டுவந்த கெண்டை அதன் அலகை விடப் பெரியது. "எந்திரிக்க மாட்டா" என்றார் ராவுத்தர். மொண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று வந்தது. "இவனுக்கும் இல்ல." அதுவும் அப்படியே போயிற்று. செத்த நேரம் கழித்து, என் கண்ணுக்கு ஆகாயத்தில் எதுவுமே தெரியாதபோது, அவர் கையைத் தூக்கினார். "தொண்டை கட்டினவன் வாரான். இப்பப் பாரு." மொண்டி எழுந்து நின்றது. உடம்பைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, தானே முதலில் கூப்பிட்டது. அதன் பிறகுதான் தூரத்தில் ஒரு கம்மிய குரல் என் காதுக்கு எட்டியது. வந்த பறவையின் வாயில் இருந்தது சுண்டுவிரல் நீள அயிரை. மொண்டி அதை வாங்கி விழுங்கியது.

"மீனுக்கு மயங்குதவ இல்லலே இவ. நாம ஊரு ஊரா பொண்ணு பாக்கப் போறோம். இங்க இவ மாப்பிள்ள பாக்கா. அதுவும் கண்ணால இல்ல, காதால" என்றார் ராவுத்தர்.

"எனக்கும் வீட்டுல பொண்ணு பாக்காவ அண்ணாச்சி. நல்லவேளை, எங்குரலை யாரும் கேக்கல" என்றேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

பத்து நாள் பார்த்தோம். ஒரு தடவைகூட அவர் சொன்னது தப்பவில்லை. பதினோராம் நாள் துரையிடம் போய், பெண்தான் குரலைக் கேட்டு ஆணைத் தேர்ந்தெடுக்கிறது என்று சொன்னார். துரை நம்பவில்லை. திட்டில் நின்று கூப்பிடுவது ஆண்தான், கூப்பிட்ட குரலுக்கு வந்து சேருவது பெண் என்றார்.

"எங்க ஊரில் எல்லாம் ஆண் கூப்பிடும், பெண் வரும். இங்கே மட்டும் வேறயா?" என்று கேட்டார்.

"ஒங்க ஊருப் பறவை எனக்குத் தெரியாது துரை. இது இந்தக் கண்மாயில இருக்க பறவை" என்றார் ராவுத்தர்.

அவர் பணிவாகத்தான் சொன்னார். ஆனாலும் துரையின் காது சிவந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் துரை வண்டியில் கிளம்பி, சாத்தூர் போய் ரயில் ஏறவேண்டும். அதற்குள் மொண்டியையும் அதன் ஜோடியையும் சுட்டு, திறந்து பார்த்துவிடலாம் என்றார். மொண்டி பெண்ணாக இருந்தால் ராவுத்தர் சொன்னது சரி. ஆணாக இருந்தால் கதை. ராவுத்தருக்கு அந்த ஜோடியைச் சுட மனம் வரவில்லை. முட்டை வைக்கிற சமயம் என்று ஒரு தடவை சொன்னார். வேலை துரையின் கையில் இருந்ததால் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

மறுநாள் காலை, தொண்டை கட்டினவன் மீனைக் கொடுத்து, மொண்டி அதை விழுங்கிய அந்த நொடியில் துரை துப்பாக்கியின் இரண்டு குழலாலும் சுட்டார். நான் தண்ணீரில் இறங்கி இரண்டையும் எடுத்து வந்தேன். பங்களாவுக்குத் திரும்பியதும் ராவுத்தர் கத்தியை எடுக்கப் போனார். துரை தடுத்தார். "உன் வழக்குக்கு நீயே ஜட்ஜா? அவன் உரிக்கட்டும்" என்று என்னைக் காட்டினார். ராவுத்தர் வெளியே போய்ப் பின்பக்கத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். என்னை அவர் நம்பினார்.

இப்போது பிழைக்கு வருகிறேன். ஒரு பறவையை உரித்தால் காலும் தலையும் தோலோடு நிற்கும். உடம்பு தனியே வந்துவிடும். விரல் இல்லாத கால் எந்தத் தோலில் இருக்கிறதோ அது மொண்டி. ஆனால் அது ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியது உரித்துப் போட்ட உடம்பு. ஆகவே ஒரு பறவையை உரித்து, அதன் வயிற்றைத் திறந்து பார்த்து, அதன் காலில் சீட்டு எழுதிக் கட்டிய பிறகுதான் அடுத்த பறவையைத் தொட வேண்டும். இது ராவுத்தர் எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. வாசலில் ராஜபாளையத்து வண்டிக்காரர் மாட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, "பதண்டி, பதண்டி" என்று தெலுங்கில் எல்லோரையும் கிளம்பச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறுகிறது, தோல் கெட்டுவிடும் என்று நான் இரண்டையும் அடுத்தடுத்து உரித்து, இரண்டு உடம்பையும் ஒரே இலையில் போட்டுவிட்டேன்.

வயிற்றைத் திறந்தேன். ஒன்றில் மஞ்சள் கருக்கள் கொத்தாக இருந்தன; பெண். மற்றது ஆண். எது எந்தத் தோலுடைய உடம்பு என்று பார்த்தால், எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே அளவு, ஒரே சிவப்பு. நிதானமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க வழி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் துரை முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, விரல் இல்லாத தோலைச் சுட்டிக் காட்டினார்.

"இது ஆண். சரிதானே?"

தெரியவில்லை துரை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் செய்த தப்பு வெளியே வந்துவிடுமே என்று பயந்தேன். அவர் விரல் எங்கே காட்டியதோ அங்கேயே என் நாக்கும் போய்விட்டது. "ஆமாம் துரை" என்றேன். சீட்டில் ஆண் என்று எழுதி, மொண்டியின் காலில் என் கையாலேயே கட்டினேன்.

துரை ராவுத்தரைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. இரக்கப்பட்டார். "ராவுத்தர், நீ நல்லாக் கதை சொல்றே. காட்சிச்சாலைக்குக் கதை வேண்டாம்" என்றார்.

ராவுத்தர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏலே, நீ வயித்தத் தெறந்து பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"மொண்டி வயித்தையா?"

"ஆமா."

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பவும் மரத்தடிக்குப் போனார். துரை சாப்பிடப் போனார். நான் மேசையைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். என்ன தின்றது என்று பார்த்து எழுதுவது வழக்கமாயிற்றே என்று, பழக்கத்தில், பெண் உடம்பின் தொண்டைக்குழாயைக் கீறினேன். உள்ளே ஒரு அயிரை மீன் உருக் கலையாமல் முழுசாக இருந்தது. சாவதற்கு ஒரு நொடி முன்பு மீனை விழுங்கியது மொண்டிதான். அதை நாங்கள் மூன்று பேரும் எங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். மொண்டி பெண். ராவுத்தர் சொன்னது அத்தனையும் சரி. என் சீட்டுதான் பொய்.

இதுவரை நடந்தது பிழை. பிழை யாருக்கும் வரும். உங்களுக்கும் வரும். இதற்கு மேல் நடந்ததற்குப் பிழை என்ற பேர் பொருந்தாது.

மீனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். துரையிடம் காட்டத்தான் எழுந்தேன், சத்தியமாக. வராந்தாவில் துரையின் குமாஸ்தா எதிரே வந்து என் தோளைத் தட்டினார்.

"ஒனக்கு யோகம்டா. பட்டணத்துக் கடுதாசில ராவுத்தர் பேரை அடிச்சிட்டு ஒம்பேரைப் போடச் சொல்லிட்டாரு. பாத்ததைப் பாத்தபடி சொல்லுத பையனாம் நீ."

நான் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். பிறகு திரும்பி வந்து, பின்வாசல் வழியாக அந்த மீனைக் காக்கைக்கு எறிந்தேன். உடம்புகள் இரண்டையும் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். கை கழுவிக்கொண்டேன், உங்களில் ஒருவரைப் போலவே, நாலு தடவை.

வண்டி கிளம்பும்போது பெட்டிகளை ஏற்றிக் கட்டியவர் ராவுத்தர்தான். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. "பெட்டி ஆடாம கட்டிருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். நான் துரையோடு போனேன். சாத்தூரிலிருந்து ரயில், ரயிலிலிருந்து பட்டணம், பட்டணத்தில் இந்த மேசை. நீங்கள் மரியாதையாக எழுந்து நிற்கிற இந்த ஆள் இப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தான்.

வேலையில் நான் பேர் வாங்கினேன். ஒரு நேரத்தில் ஒரு பறவை என்ற சட்டத்தை இந்த அறையில் நான்தான் கொண்டுவந்தேன். அதை மீறியவர்கள் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். மொண்டி அலமாரியில் தன் வரிசையில் ஆண் என்ற சீட்டோடு கிடந்தாள். அந்தத் தட்டைத் திறக்க வேண்டி வந்தால் வேறு யாரையாவது திறக்கச் சொல்வேன்.

ஏழு வருஷம் கழித்து, கோடை விடுப்பில் ஊருக்குப் போனபோது ராவுத்தரைத் தேடினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் விசாரித்ததில் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். மரத்தடியில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றின் மறுமுனையில், கிளைகளுக்கு நடுவே தகர டப்பாக்கள் தொங்கின. கிளி வந்தால் கயிற்றை இழுத்துச் சத்தம் எழுப்பி விரட்ட வேண்டும். அதுதான் வேலை. அந்த ஜில்லாவிலேயே பறவைக் குரல் தெரிந்த ஒரே மனிதரைப் பறவை விரட்ட உட்கார்த்தியிருந்தார்கள்.

"நல்லா இருக்கியளா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "பட்டணத்துக்காரனா? கொரலு கனத்துப் போச்சேலே. முன்ன ஒரு பயம் கெடக்கும் அதுல" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு உடம்பையும் ஒரே இலையில் போட்டதை, துரை விரலைக் காட்டியதை, மீனை, குமாஸ்தா சொன்னதை. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கயிற்றை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்லே. நீ காக்காய்க்கு மீன எறிஞ்சத மரத்தடியில இருந்து பாத்தேன். அயிரைன்னு அங்கேருந்தே தெரிஞ்சுது" என்றார்.

"பொறவு ஏன் அண்ணாச்சி துரைட்ட சொல்லல?"

"நான் சொன்னா அது கதை. நீ சொன்னாத்தானலே சாட்சி. வந்து சொல்லுவேன்னு இருந்தேன். பெட்டிய ஏத்தும்போதும் இருந்தேன். வண்டி கிழக்கால திரும்பி மறையுத வரைக்கும் நின்னேன்."

கிளிக்கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. அவர் செத்த நேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கயிற்றை இழுத்தார். அம்புட்டும் கத்திக்கொண்டு பறந்தன.

"மொண்டி இன்னும் ஆம்பளையாத்தான் கெடக்காளா?" என்று கேட்டார்.

"ஆமா. போன ஒடனே மாத்திருதேன் அண்ணாச்சி."

"மாத்து" என்றார். "மாத்துனா நான் பட்டணம் வந்துருவனா?"

என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்கிற அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது.

பட்டணம் வந்ததும் தட்டைத் திறந்தேன். பெரிய விசாரணை வரும், எப்படித் தெரியும், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மேலதிகாரி குடைவார், வேலை போகும் என்றெல்லாம் வழி நெடுகப் பயந்துகொண்டே வந்தேன். போகட்டும் என்று முடிவும் செய்திருந்தேன். ஆண் என்பதை அடித்துவிட்டுப் பெண் என்று எழுதினேன். கண்டு சொன்னவர் என்ற இடத்தில் ராவுத்தரின் முழுப் பேரையும் எழுதினேன். சீட்டை மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டு, அடுத்ததைக் கொண்டுவரச் சொன்னார். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.